ஈரமான காலுறை

குன்வோர் வாயில் "தூ" வராத நாளே கிடையாது. ஸ்வீடனின் வடபகுதியில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் வீடுகளை அறை அறையாகப் பெட்டிபோல் செய்து லாரியில் ஏற்றுவோம். மழை படாமல் அவற்றுக்கு பிளாஸ்டிக் சுற்றுவது அவள் வேலை. பள்ளி முடித்ததும் சேர்ந்தவளுக்கு அதிலேயே தலை நரைத்துவிட்டது.

"பிளாஸ்டிக் எல்லாம் கிழிசல். இதைச் சுத்துறதுக்கு சும்மாவே விடலாம், தூ!"

"சுத்து, லாரி நிக்குது" என்பான் மேலாளர் ஹெல்மர்.

அந்தப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பில் கூரை போட்டதற்கு விருந்து வைத்தார்கள். இங்கே காலணியோடு யாரும் வீட்டுக்குள் போகமாட்டோம். ஹெல்மரும் ஷூவைக் கழற்றிவிட்டு, பீர் கோப்பையோடு கூடத்தில் கால் வைத்தான். சளக் என்றது. பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. எல்லோருடைய காலுறையும் நனைந்துவிட்டது.

"என்ன குன்வோர் இது?"

"மழையையும் சேர்த்துச் சுத்தச் சொன்னது நீதானே!"

"சரி சரி, இன்னிக்கு மட்டும் எல்லாரும் ஷூ போட்டுக்கங்க."

அழுகிய தரையை யாரும் பிரித்து மாற்றவில்லை. குடிவந்த குடும்பங்களுக்கு கம்பெனி ஒரு அன்பளிப்பு கொடுத்தது: தடித்த ரப்பர் அடி வைத்த வீட்டுச் செருப்பு. அதைச் சுற்ற மட்டும் குன்வோருக்குக் கிழியாத பிளாஸ்டிக் வந்தது.

தூ!