சேணத்துப் பஞ்சு

தோழிகளே, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா கண்ணில் பட்டால் தொலைந்தேன். படித்ததும் அடுத்தவளிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் புதுக் குதிரைக்கு முதுகு ரொம்ப அகலம். சேணமோ செத்துப்போன ஒல்லிக் குதிரையுடையது. ஊர் ஊராக அம்மை குத்தப் போகும் அப்பாவை நேற்று அது கீழே தள்ளிவிட்டது.

"சேணத்துக்கு அடியில சாக்கை மடிச்சுப் போடுங்க, மெத்துனு இருக்கும்" என்றாள் அம்மா.

இன்று காலையில் போட்டுப் பார்த்தார். மறுபடியும் விழுந்தார்.

"திமிரு புடிச்ச பய! நாளைக்கு சந்தையில தள்ளிட்டுத்தான் மறுவேலை!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறுக்கமான ரவிக்கைக்குள் இன்னொரு ரவிக்கை போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? சேணத்தை இறக்கியபோது பார்த்தேன். முதுகெல்லாம் வியர்வை. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கையளவு மட்டும் காய்ந்திருந்தது. சேணம் அங்கேதான் வியர்க்கக்கூட விடாமல் அழுத்துகிறது.

மதியம் அப்பா குறட்டை விட்டபோது, சேணத்தின் அடித்தையலைப் பிரித்தேன். அந்த இடத்துப் பஞ்சை உருவிவிட்டுக் கோணி ஊசியால் தைத்தேன். சாக்கையும் ஒளித்துவிட்டேன். தையல் கொஞ்சமும் கோணவில்லை.

சாயங்காலம் அப்பா பக்கத்து ஊரான மீன்சுருட்டிக்குப் போய்த் திரும்பினார். குதிரை பூனை மாதிரி நடந்து வந்தது.

"காலையில ஒரு அதட்டு அதட்டுனேன் பாரு, பய திருந்திட்டான். இவன விக்கிறதாவது!" என்று அம்மாவிடம் மீசையை முறுக்கினார்.

நான் குதிரைக்குப் புல் அள்ளிப் போட்டேன். உள்ளுக்குள் மகாராணி.

பஞ்சை என் தலையணைக்குள் திணித்திருக்கிறேன். குதிரை வாடை தாங்கவில்லை. அம்மா மோப்பம் பிடித்தால் என்ன சொல்லித் தப்பிப்பது, யாராவது எழுதுங்களடி.