பேச்சியம்மாள் அக்கா தொடாத பால்கோவா

பேச்சியம்மாள் அக்கா இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது மில் கம்பெனிதான். மூன்று வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத பெர்சனல் ஆபீசர், செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தார். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் விடியும்போது உயிர் போய்விட்டதாம், ரொம்ப வருத்தம் என்றார். அடுத்த மூச்சிலேயே, "இனிமே எதுக்கு சார் கேசு கீசுன்னு? பேசி முடிச்சுக்கிடலாமே" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. செட்டியார்பட்டியிலிருந்து ஷிப்ட் பஸ்ஸில் வந்து நூல் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின் ஓட்டியவர். சங்கச் செயலாளர். மெஷின் இரைச்சலில் பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னாலும் நாலு பேருக்குக் கேட்கும். நான் சொல்லவேண்டியது என் வெட்கக்கேட்டைத்தான். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி செலுத்த எனக்கு யோக்கியதை இல்லை.

அதே மில்லில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார், யார் வரவில்லை என்று ரிஜிஸ்தரில் குறிக்கிற வேலை. சட்டையில் பஞ்சு ஒட்டாது. அந்த ஒரே காரணத்தால் நான் தொழிலாளி இல்லை என்று இருபத்திரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் லோன் போட்டுக் கட்டிய வீடு, இன்ஜினியரிங் படிக்கும் மகள், இஸ்திரி போட்ட சட்டை. சங்கத்துக்காரர்கள் கேட் மீட்டிங் நடத்தினால் ஸ்கூட்டரை ஓரமாக உருட்டிக்கொண்டு நழுவிவிடுவேன்.

மில்லை வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. இரண்டாம் மாதமே ஆபீசில் இருந்த ஏழு பேருக்கும் ஆர்டர் வந்தது. நான் அசிஸ்டென்ட் மேனேஜராம். சம்பளம் ஏறவில்லை, வேலையும் மாறவில்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டாளுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, பால்கோவா வாங்கிவந்து மில் முழுக்கக் கொடுத்தேன். அக்கா மட்டும் பால்கோவாவைத் தொடாமல் ஆர்டரைக் கேட்டார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"மேனேஜர்னா, யாருக்காச்சும் ஒரு நாள் லீவு குடுத்திருக்கீகளா சார்?"

அதெல்லாம் மேலே உள்ளவர்கள் கொடுப்பது என்றேன்.

"அப்போ இது பதவி இல்ல. தொழிலாளிக்குன்னு இருக்க சட்டத்துல இருந்து ஒங்களை வெளிய தள்ளுத சீட்டு. நாளைக்குப் போன்னு சொன்னா கேக்க நாதி இருக்காது. இதுக்கா இனிப்பு குடுக்கீக?"

பொறாமை என்று நினைத்தேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன்.

ஐந்தாம் மாதம் விரல் வைத்தால் வருகை பதியும் மெஷின் வந்தது. ஏழு பேரையும் நிறுத்தினார்கள். விசாரணை கிடையாது, மேனேஜர்களுக்கு அது தேவையில்லையாம். ஆறு பேர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வீட்டில் சொல்லாமல் எட்டு நாள் டிபன்பாக்ஸோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் சங்க ஆபீஸ் படியேறினேன். அக்கா குத்திக்காட்டுவார் என்று பயந்தேன். உறுப்பினர் பாரத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு தம்பி" என்றார். இருபத்திரண்டு வருடத்து 'சார்' அன்றோடு போனது. முதலில் சுருக்கென்றது, பிறகு அழுதுவிட்டேன்.

மேனேஜர் என்கிற பட்டத்தை விடு, செய்த வேலையைக் கோர்ட்டில் காட்டுவோம் என்றார் அக்கா. சங்கம் கேஸ் போட்டது. ரிங் பிரேம் பெண்கள் நான்கு பேர், தங்கள் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும், மதுரை லேபர் கோர்ட்டுக்கு வந்து, நான் பார்த்தது கிளார்க் வேலைதான் என்று சாட்சி சொன்னார்கள். நானும் கூண்டில் ஏறி, நான் மேனேஜர் இல்லை என்று சொல்லவேண்டும். கூச்சமாக இருக்கிறது என்று பஸ்ஸில் முனகினேன்.

"உழைச்சுத் திங்கேன்னு சொல்லுததுக்கு என்னலே கூச்சம்?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சொன்னேன். திரும்ப வேலையில் சேர்க்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி அப்பீலுக்குப் போனதால் நான் இன்னும் மில் கேட்டுக்கு வெளியேதான். தீர்ப்பு வந்த அன்று அக்காவிடம் பால்கோவாவை நீட்டினேன். அன்றும் அவர் தொடவில்லை. "மில்லு கேட்டுக்கு உள்ள வச்சுக் குடு, திங்கேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செட்டியார்பட்டியில் அக்கா வீட்டுக்குப் பெர்சனல் ஆபீசர் மாலையோடு வந்தார். போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "யோசிச்சீங்களா சார்?" என்று காதோரம் கேட்டார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் சார் இல்ல, தொழிலாளி. மில்லு கேட்டுக்கு உள்ள வச்சு, எனக்காக சாட்சி சொன்ன அந்த நாலு பொம்பளைகளுக்கும் நான் பால்கோவா குடுக்கணும். அதுக்குப் பொறவு பேசுவோம்."