ஹார்லன் டாலிவர் அந்த வண்டியில் இருந்தார்

ஹார்லன் டாலிவரைப் பொய்யர் என்று எங்கள் ஊரில் முதலில் சொன்னவர் வெர்ன் ஸ்ட்ரௌட். முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில், வெள்ளிக்கிழமை மீன் விருந்தின்போது சொன்னார். ஊரில் பாதிப் பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பரில், உயர்நிலைப் பள்ளியில் ஹார்லனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வியட்நாமிலிருந்து திரும்பி நாற்பத்து நான்கு வருஷம் ஆகியும் போரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். அன்று ஒரு மாணவி எழுந்து, "நீங்க சண்டையில சுட்டிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். என்ன தோன்றியதோ, உள்ளதைச் சொல்லிவிட்டார். மலைப்பாதையில் லாரி வரிசையைச் சுற்றி வளைத்தார்கள், வண்டியின் மேலிருந்த பெரிய துப்பாக்கியை நான் பிடித்தேன், இடுப்பில் அடிபட்டது என்றார். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது.

வெர்ன் காலாட்படையில் இருந்தவர். இரண்டு முறை போருக்குப் போனவர். யாராவது போர்க்கதை சொன்னால் அவருக்கு உடம்பு எரியும். அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டு ஹார்லனின் பணிப் பதிவை வரவழைத்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத்தான் அன்று உரக்கப் படித்தார்.

"வேலை, சமையல். காயம், இல்லை. வீரப் பதக்கம், இல்லை. கேட்டுக்கிட்டீங்களா? நம்ம மாவீரர் வியட்நாம்ல முட்டை பொரிச்சிட்டு இருந்திருக்காரு!"

சிலர் சிரித்தார்கள். "ஏன் ஹார்லன், கரண்டியாலயா சுட்டே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஹார்லன் எழுந்தார். "நான் அந்த வண்டியில இருந்தேன், வெர்ன்" என்றார்.

"தாள் அப்படிச் சொல்லலியே."

ஹார்லன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை, நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதியம், மருத்துவம், கல்லறைக்கல் என்று மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த மாவட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்கிறேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "டோனா, ராணுவத்துத் தாளைத் திருத்த முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். அதுக்குன்னே ஒரு வாரியம் இருக்கு. ஆனா ஆதாரம் கேப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னார். 1969, ஏப்ரல். லாரிகளுக்குக் காவலாகப் போகும் ஆயுத வண்டி ஒன்றுக்கு 'கறுப்புக் கழுதை' என்று பெயர் எழுதியிருந்தார்கள். அதில் துப்பாக்கி பிடிக்கும் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை. ஆள் குறைந்தது. சமையற்கூடத்தின் பின்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்த ஹார்லனை, "வர்றியா?" என்று ரஸ் கிம்பல் கூப்பிட்டான். ரஸ் அந்த வண்டியின் சார்ஜென்ட். இருபது வயது ஹார்லனுக்குச் சட்டியும் புகையும் சலித்துப்போயிருந்தது. மேலிடத்தில் கேட்காமல் ஏறிவிட்டார். கணவாயில் ஏறும்போது இரண்டு பக்கமும் வெடித்தது. துப்பாக்கி பிடித்திருந்த கிளார்க் என்ற பையன் முதல் நிமிஷத்திலேயே இறந்தான். ஹார்லன் அவனை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் சுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. இடுப்புல சூடா ஏதோ பாய்ஞ்சுது. மறுநாள் ஒரு கட்டோட நின்னுக்கிட்டே ரொட்டி சுட்டேன். என் பேரை எங்கயும் எழுதலை. எழுதணும்னு நானும் கேக்கலை."

"இப்ப எந்தப் பதக்கம் கேக்கலாம்?"

"பதக்கம் எனக்கு எதுக்கு? நான் அங்க இருந்தேன்னு ஒரு வரி போதும்."

"அப்படி ஒரு வரிக்குத் தனியா மனு கிடையாது. பதக்கத்தைக் கேட்டாத்தான் நீங்க அங்க இருந்தீங்களான்னே பாப்பாங்க."

காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட், துணிச்சலுக்குத் தரும் வெண்கல நட்சத்திரம் இரண்டையும் கேட்டு மனு எழுதினோம். இடுப்பு எலும்பருகே ஒரு இரும்புத் துண்டு இருப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. அதையும் இணைத்தேன்.

பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது. ஆறு பக்கம். உலோகத் துண்டு இருப்பது உண்மை, அது எப்படி வந்தது என்பதற்குச் சான்று இல்லை. அந்தத் தேதியில் விண்ணப்பதாரர் சமையற்கூடத்தில் பணியில் இருந்ததாக வருகைப் பட்டியல் காட்டுகிறது. அந்தச் சண்டையில் கிளார்க்குக்குப் பின் துப்பாக்கியை இயக்கியவர் சார்ஜென்ட் ரஸ்ஸல் கிம்பல், அதற்காக அவருக்கு வெண்கல நட்சத்திரம் வழங்கப்பட்டது. பாராட்டுரையின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

நான் அதைப் படித்துக் காட்டினேன். காயம்பட்டும் இடத்தை விட்டு நகராமல், தோட்டா தீரும்வரை தொடர்ந்து சுட்டு, பதினோரு லாரிகளைக் காப்பாற்றியதாக இருந்தது. ஹார்லன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரஸ்ஸுக்கு அன்னிக்குக் காயமே படலை" என்றார். வருத்தமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி மனு போடலாம். லாரிப் படைக்காரர்கள் நடத்தும் செய்தித்தாள் ஒன்றில், 'கறுப்புக் கழுதை வண்டியில் இருந்தவர்களைத் தேடுகிறோம்' என்று விளம்பரம் கொடுத்தேன். நான்கு மாதம் யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. பிறகு ஒஹையோவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயர் அர்லீன் கிம்பல். ரஸ்ஸின் மனைவி. ரஸ் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"அந்தச் சமையல்காரர் இன்னும் உயிரோட இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இருக்கார். உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"எங்கிட்ட ஒரு கடிதம் இருக்கு. தபால்ல அனுப்ப மாட்டேன். அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். ஹார்லனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வண்டி ஓட்ட முடியாது, அதனால் நான்தான் ஓட்டினேன். வழியில் வாங்கிய, இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைக் காகிதம் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அர்லீன் குள்ளமான, நேராகப் பேசுகிற பெண்மணி. சமையலறை மேசையில் உட்காரவைத்துக் காப்பி ஊற்றினார். பிறகு ஒரு நீல உறையை ஹார்லன் முன்னால் தள்ளினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினது. அன்னிக்கு ஒரு தடவை படிச்சேன். அவர் திரும்பி வந்ததும் இதைப் பத்திப் பேச எடுத்தேன். எழுந்து வெளிய போயிட்டார். அதுக்கப்புறம் பேசவேயில்லை."

ஹார்லன் கண்ணாடி எடுத்து வரவில்லை. நான்தான் படித்தேன்.

'போன வாரம் எங்க வண்டியில ஒரு சமையல்காரன் ஏறினான். டாலிவர்னு பேரு. கிளார்க் செத்ததும் பெரிய துப்பாக்கியைப் பிடிச்சது அவன்தான். நான் தரையில முகத்தைப் புதைச்சுக் கிடந்தேன், அர்லீன். எந்திரிக்க முடியலை. அவனுக்கு இடுப்புல அடி. மருத்துவ ஆளு கால்சட்டையைக் கத்தரிச்சுக் கட்டுப் போட்டான். லெப்டினன்ட் வந்து பாக்கறப்ப துப்பாக்கிகிட்ட நின்னது நான். எனக்குப் பதக்கத்துக்கு எழுதறேன்னாரு. நான் இல்லைன்னேன். அந்தச் சமையல்காரன் அங்க இருந்திருக்கவே கூடாது, அவன் பேரு வெளிய வந்தா ஏத்தின உனக்குத்தான் முதல்ல வம்புன்னாரு. வாயை மூடிக்கிட்டேன்.'

நான் படித்து முடித்ததும் அர்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹார்லன் தலையை ஆட்டினார்.

"இது தப்பு."

"எது தப்பு?" என்றேன் நான்.

"ரஸ் தரையில கிடந்தான்னு எழுதியிருக்கானே, அது. மொதல்ல கிடந்தான். எல்லாரும்தான் கிடந்தோம். ஆனா என் ரெண்டு கையும் துப்பாக்கியில இருந்துச்சு. தோட்டாப் பெட்டி தீரத் தீர மாத்தினது யாரு? நாலு பெட்டி. நாலையும் தூக்கிக் கொடுத்தது உங்க வீட்டுக்காரர்தாம்மா."

அர்லீன் திரும்பினார். "உண்மையாவா?"

"அவன் கத்தினதுகூட நினைவிருக்கு. கெட்ட வார்த்தை. உங்க முன்னாடி சொல்ல முடியாது."

அர்லீன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்குப் பட்டாசு வெடிச்சா கீழறையில போய் உட்கார்ந்துக்குவார். சத்தத்துக்குப் பயப்படறார்னு பையன் நினைச்சான். எனக்குத் தெரியும், அது வெட்கம். செத்துப்போற வரைக்கும் அந்தப் பதக்கத்தைத் தொடலை. அலமாரியில கிடந்ததைப் பையன்தான் அப்புறமா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டினான்."

அந்த மகன் அப்போதுதான் வந்தான். கிரெக். நாற்பது வயதுக்காரன், ராணுவத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். அம்மா எங்களை வரவழைத்தது அவனுக்குத் தெரியாது. மேசையில் இருந்த கடிதத்தை எடுத்து, நின்றபடியே படித்தான். காது வரைக்கும் சிவந்துபோனான்.

"அப்பா செத்தப்புறம் வந்து கேக்கறீங்களா? அவர் இருந்தப்ப எங்க போனீங்க?"

ஹார்லன் எழுந்து நின்றார். "கேக்கணும்னு தோணலை, தம்பி."

"தம்பியாம்! நான் ராணுவத்துல சேர்ந்ததே அந்தப் பதக்கத்தைப் பாத்துத்தான். அது உங்களோடதுன்னு சொல்றீங்க."

"அது அவனோடதுதான். அதைப் பிடுங்க நான் வரலை. அவன் பெட்டி எடுத்துத் தரலைன்னா..."

"அவர் கையெழுத்துலயே வேற எழுதியிருக்கே! உங்க தாளுக்கு ஆகுதுன்னா அந்தக் கடிதம் நிஜம், அவரைப் பத்தின வரி மட்டும் தப்பா? அம்மா, இதை நீ கொடுத்தேன்னா நான் இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்."

அர்லீன் அவன் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். "நகல் எடுத்துட்டு அசலை எனக்கே அனுப்பிடுங்க" என்றார். கதவு அறைந்து சாத்தப்பட்டது. வெளியே கிரெக்கின் வண்டி சரளைக்கல்லைத் தெறிக்கவிட்டுக்கொண்டு போனது.

திரும்பி வரும்போது ஆற்றுப்பாலம் தாண்டியதும் நான் கேட்டுவிட்டேன். "அவர் நிஜமாவே பெட்டி எடுத்துக் கொடுத்தாரா, ஹார்லன்? இல்லை, அந்தம்மா மனசு நோகுதேன்னு..."

அவர் என்னைப் பார்த்தார். "வெர்ன் என்னைப் பொய்யன்னப்போ ஒரு வார்த்தை கேக்காம உட்கார்ந்திருந்தீங்க. இப்ப எங்கிட்ட கேக்கறீங்க."

அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இரண்டாவது மனுவோடு அவர் ஒரு வாக்குமூலம் வைத்தார். நான்கு பெட்டிகளையும் ரஸ் தூக்கிக் கொடுத்ததை அதில் எழுதியே ஆக வேண்டும் என்றார். "வேண்டாம். கடிதம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ரெண்டையுமே நம்பாம போயிடுவாங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு தப்பைத் திருத்தப்போய் இன்னொரு தப்பை எழுதச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்து மாதம் கழித்து முடிவு வந்தது. கடிதம் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது, காயத்தையும் சிகிச்சையையும் சொல்கிறது, எனவே பர்ப்பிள் ஹார்ட் வழங்கிப் பதிவைத் திருத்த வேண்டும். வீரப் பதக்கத்துக்கு அன்றைய மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும், அது இல்லை. துப்பாக்கியை இயக்கியதைப் பற்றி இருவர் கூற்றும் முழுமையாகப் பொருந்தவில்லை என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. ஹார்லன் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

"பொருந்தவில்லைன்னா பொய்யின்னு அர்த்தமா?"

"இல்லை. அவங்களால முடிவு பண்ண முடியலைன்னு அர்த்தம்."

"சரி" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

நான் அந்த முடிவின் நகலை எடுத்துக்கொண்டு, அவர் சம்மதத்தோடு, வெர்னின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வைக்கவேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். வெர்ன் வாசலில் நின்று எல்லாப் பக்கத்தையும் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தாள் சொன்னதைத்தான் அன்னிக்கு நான் சொன்னேன். இப்ப தாள் வேற சொல்லுது. நல்லது. வரச்சொல்லு, ஒரு பீர் வாங்கித் தர்றேன்."

ஹார்லனிடம் சொன்னேன். அவர் போகவில்லை. அந்தக் கூடத்துக்கு அதன் பிறகு ஒருநாளும் போகவில்லை. பதக்கம் ஒரு சின்னப் பெட்டியில் தபாலில் வந்தது. எங்கே வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

கிரெக் சொன்னபடியே அம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். இரண்டு நவம்பர் நன்றி நாள் விருந்து, இரண்டு கிறிஸ்துமஸ் அப்படியே போயின. அர்லீன் எனக்கு எழுதும் அட்டைகளில் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. தனி ஆளுக்கு வான்கோழி வாங்குவது வீண் என்று மட்டும் ஒருமுறை எழுதியிருந்தார்.

போன ஏப்ரலில் அவன் என் அலுவலகத்துக்கு வந்தான். ஒஹையோவிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். உட்காரவில்லை.

"அந்தாளு வாக்குமூலத்துல அப்பாவைப் பத்தி என்ன எழுதினாருன்னு நான் பாக்கணும்."

"நான் காட்ட முடியாது. அவரே சொல்லலாம். நம்பர் தரட்டுமா?"

எண்ணைக் கையிலேயே எழுதிக்கொண்டு போனான். அடுத்த வாரம் ஹார்லன் வேறு ஒரு படிவத்துக்காக வந்தபோது கேட்டேன்.

"கூப்பிட்டான். ரெண்டு மணி நேரம். பாதி நேரம் என்னைத் திட்டினான்."

"மீதி நேரம்?"

"அவங்கப்பா எந்தப் பக்கம் நின்னாரு, எந்தக் கையால தூக்கினாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். தெரிஞ்சதைச் சொன்னேன். தெரியாததைத் தெரியலைன்னேன்."

"நம்பினானா?"

"அதை அவன் சொல்லலை" என்றார் ஹார்லன். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

ஜூன் மாதம் அர்லீனிடமிருந்து அட்டை வந்தது. கிரெக் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து புல் வெட்டிவிட்டுப் போகிறானாம். வீட்டுக்குள் இன்னும் வரவில்லையாம். எலுமிச்சைச் சாற்றைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன், குடித்துவிட்டுத்தான் போகிறான் என்று எழுதியிருந்தார்.