பிரேக் மாஸ்டர் தண்ணீரில் நடந்த வரலாறு

டிரைவிங் ஸ்கூல் கார்களில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கென்று வைத்தது. நம் மாஸ்டருக்கோ உலகமே ஆபத்து. அரை மைல் தள்ளி ஒரு ஆடு தும்மினாலும் அவர் கால் இறங்கிவிடும். சலூன் நாற்காலியில்கூட, கத்தரி காதை நெருங்கினால் கால் தரையை அழுத்தும். ஊரார் பார்த்து 'பிரேக் மாஸ்டர்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவரும் கௌரவமாகவே வாங்கிக்கொண்டார்.

அந்தப் புகழில் ஒரே ஒரு கறை. சொந்த மனைவிக்கு லைசென்ஸ் கிடைத்தபாடில்லை. அந்த அம்மாள் ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நிறுத்தத்தான் வராது. நிறுத்துகிற உத்தியோகத்தை எப்போதும் மாஸ்டரின் காலே பார்த்துவந்ததால், அம்மாளின் காலுக்கு அந்த அவசியமே வந்ததில்லை. போன தேர்வில் கோட்டில் நிற்கவேண்டிய வண்டி, இன்ஸ்பெக்டரின் மேஜையை விசாரித்துவிட்டுத்தான் நின்றது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, எதிர்த்த ஸ்கூல்ல போய்ச் சேர்ந்துடுவேன். ஆமா, சொல்லிட்டேன்."

மாஸ்டர் ஜன்னல் வழியே எதிர் ஸ்கூலை எட்டிப் பார்த்தார். அந்த ஸ்கூல்காரன் அதை போர்டிலேயே எழுதி மாட்டுவான்.

தேர்வு நாள் காலையில் மழை விட்டிருந்தது. பஸ் டிப்போவை ஒட்டிய சாலையில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"முன்னாடி போற வேன் கரையேறட்டும். பாரு, பாதிச் சக்கரத்துக்குக் கீழதான் தண்ணி, ஓடவும் இல்ல. ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர ஒரே சீரா மிதி. நடுவுல எதுக்கும் நிறுத்தாதே."

"நான் நிறுத்த மாட்டேங்க. நீங்க?"

"நல்லா இருக்கே கேள்வி!"

கார் இறங்கியது. பாதி தூரம் வரை எல்லாம் சாஸ்திரப்படி நடந்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் வாளி மிதந்து வந்தது. மாஸ்டரின் கால் யாரையும் கேட்கவில்லை. வண்டி குலுங்கி நின்று இன்ஜின் அடங்கியது. வாளி நிதானமாகத் திரும்பித் தன் வழியே போனது.

"வாளிக்கு வழி விட்டீங்களா?" அம்மாளின் கை சாவிக்குப் போனது.

"தொடாதே! உள்ள தண்ணி போயிருந்தா, இன்ஜின் அதோட காலி."

பேண்ட்டைச் சுருட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாஸ்டர் இறங்கினார். வந்த வழியே வண்டியைப் பின்னால் தள்ளிக் கரையேற்றினார். பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. நிம்மதியாகச் சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் பிடித்தது. ஏறப் போனால் கதவு திறக்கவில்லை.

கண்ணாடி மட்டும் விரலளவு இறங்கியது. "நீங்க நடந்து போங்க."

"சட்டப்படி நான் உன் பக்கத்துல இருக்கணும்!"

"அக்கரையும் பக்கம்தான். போற வழியில பள்ளம் இருக்கான்னு பாருங்க."

குடையை ஊன்றி, நடுச்சாலையில் அடியடியாகத் துழாவியபடி மாஸ்டர் கெண்டைக்கால் நனைய நடந்தார். டிப்போ ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அக்கரை ஏறி, வரலாம் என்று கையசைத்தார்.

கார் வந்தது. அலைகூட எழவில்லை. மாஸ்டர் சேற்றை மிதித்தார், மறுபடி மிதித்தார், சேறுதான் பிதுங்கியது. கரையேறிய கார், ஈரம் காய பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஊர்ந்து வந்து, அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அந்த அம்மாள் தன் காலால் நிறுத்திய முதல் வண்டி அது.

தேர்வு மைதானத்தில் கார் கோட்டின்மேல் கோடு கிழித்தாற்போல் நின்றது. இன்ஸ்பெக்டர் தம் மேஜையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "அழகா நிறுத்துறீங்களேம்மா! யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார்.

வேலியோரம் சொட்டச் சொட்ட நின்றவரை அம்மாள் காட்டினார். "அவர்கிட்டதான் சார். இன்னைக்குக் காலையில."

வீட்டுக்குக் கிளம்பும்போது மாஸ்டர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.