தண்ணீர் இல்லாமல் துளைத்த கல்

அண்ணா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுகிறேன். அவர் எழுதச் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராக அண்ணா பிறந்தார். அப்பா கடலில் தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. போர் எங்களை முதலில் மடு மாதா கோவிலுக்கும் பிறகு இந்தியாவுக்கும் துரத்தியது. அங்கிருந்து தனியாக இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து சேர்ந்தவர், வீடுகளில் துப்புரவு வேலை செய்து, பெர்மெஸ்ஸோ எனும் வதிவிட அனுமதி கிடைத்த கையோடு என்னைக் கூப்பிட்டார். எனக்குத் திருமணம் செய்து வைத்தார். தனக்கென்று அப்படியொன்றை அவர் யோசிக்கவேயில்லை.

பின்னர் கட்டட வேலைக்குப் போய், கல் துளைக்கும் இயந்திரத்தில் நல்ல பழக்கம் பெற்றார். அதை வைத்தே ஓர் ஒப்பந்த நிறுவனம் அவரைப் பின்லாந்தின் வடகோடியில் இருந்த சிறிய செப்புச் சுரங்கமொன்றுக்கு அழைத்துப் போனது. அங்கே எட்டு ஆண்டுகள் இருந்தார். இரண்டு மாதம் சூரியனைக் காணாமல் இருப்பதும், இயந்திரத்தின் அதிர்விலும் குளிரிலும் விரல்கள் மெழுகுபோல் வெளுத்து மரத்துப்போவதும் அவருக்கு வாழ்க்கையாயின. விடுமுறையில் வரும்போது தேநீர்க் கோப்பையை இரு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவார். விரல்களால் பிடித்தால் நழுவிவிடும்.

கல்லைத் துளைக்கும்போது துளைக்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் மாவு போன்ற கல்தூள் சேறாக வழியும், காற்றில் எழாது. திறந்தவெளிப் பகுதியில் குளிர் பூச்சியத்துக்கு முப்பது பாகை கீழே இறங்கும் நாட்களில் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்துவிடும். சூடாக்கும் ஏற்பாடு வரும் என்றார்கள், வரவில்லை. இந்தக் கிழமை மட்டும் தண்ணீர் இல்லாமல் துளையுங்கள் என்றார் மேலாளர். அண்ணாவின் கீழ் ஐந்து பேர் வேலை செய்தார்கள். குழுத் தலைவர் என்ற முறையில் தண்ணீரை மூடியவர் அண்ணாதான். அந்த ஒரு கிழமை நான்கு பனி மாரிகளாக நீண்டது. முகமூடிகள் மூச்சின் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றையும் கழற்றிவிட்டே துளைத்தார்கள். மறுத்தால் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

அரைத்த கல்லின் கழிவைத் தேக்கிய குளமொன்றும் பக்கத்தில் இருந்ததாம். பனி மாரியில் அதன் கரைகள் உறைந்து காய்ந்து, தூள் காற்றில் கிளம்பிப் பனியையே சாம்பல் நிறமாக்கும். பனி உருகும் காலத்தில் குளம் வழிந்து ஆற்றில் கலக்கும். கலைமான் வளர்க்கும் பெண்ணொருவர் ஒருநாள் வேலைத்தளத்துக்கு வந்து, மான்கள் இந்தப் பக்கம் மேய மறுக்கின்றன என்றும், பிள்ளைகளுக்கு ஆற்று மீன் கொடுப்பதைத் தான் நிறுத்திவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். மீனால் வளர்ந்த அண்ணா இதை என்னிடம் சொன்னபோது, “அண்டைக்குப் பிறகு நானும் அந்த ஆத்து மீனைத் தொடேல்லை” என்றார்.

சுரங்கம் மூடப்பட்டதும் பலெர்மோவுக்குத் திரும்பி, சீசாப் பகுதியில் எங்கள் வீட்டில் தங்கினார். சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போனவரால் ஒரு பெட்டியைத் தூக்கிப் பத்தடி நடக்க முடியவில்லை. நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்போம், நுரையீரல் வைத்தியர் ஒருவரிடம் நேரம் எடுத்துத் தந்தார். வைத்தியர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பழம் பறித்தேன் என்றார் அண்ணா. அதற்கு முன்னர் என்று வைத்தியர் கேட்டதும், கல் துளைத்தேன், தண்ணீர் இல்லாமல் என்றார். கல்தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, அதைக் கரைக்க மருந்து இல்லை என்று அன்று அறிந்தோம்.

வீடு வந்ததும் அவர் தன்னைப் பற்றிக் கதைக்கவில்லை. “மற்ற அஞ்சு பேருக்கும் சொல்லோணும், பிள்ளை. தண்ணியை மூடினது நான். குளிர்க்காத்து சுத்தமான காத்து எண்டு நினைச்சன்” என்றார்.

போலந்தில் இருந்த மூவரைத் தொலைபேசியில் பிடித்து, நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். ருமேனியரான இயோனின் இலக்கம் வேலை செய்யவில்லை. ஐந்தாமவர் சல்வோ, பலெர்மோவிலேயே பிரான்காச்சோப் பகுதியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் நேரில்தான் போக வேண்டும் என்று அண்ணா பிடிவாதமாக நின்றார். ஒட்சிசன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் கூடவே பஸ்ஸில் போனேன்.

சல்வோ அண்ணாவைக் கட்டியணைத்தார். விடயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அவர்கள் கதைத்தது இத்தாலிய மொழியில். எங்கள் பேச்சில் தருகிறேன்.

“எனக்கு ரெண்டு பிள்ளையள். நான் நல்லாத்தான் இருக்கிறன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் வந்து சொல்லுறியள்?”

“பிந்தித்தான் வந்திருக்கிறன். உனக்கு இன்னும் பிந்தேல்லை.”

சல்வோ சாணை பிடிக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று கிழமை கழித்து சல்வோ எங்கள் நான்காம் மாடிக்கு ஏறி வந்தார், கையில் ஓர் உறையோடு. நுரையீரலில் சிறு புள்ளிகள் தொடங்கியிருந்தன. தூசி வேலையை இன்றே விட்டால் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அண்ணா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அழுதார். அப்பாவின் சாவுக்குப் பிறகு அவர் அழுது நான் கண்டது அன்றுதான். சல்வோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் ஞாயிறு தோறும் வந்தார்.

கடைசி நாட்களில் அண்ணா படுக்க முடியாமல், இரண்டு தலையணைகளில் சாய்ந்தபடியே இருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “மலர் அடிப்பியள்தானே? நல்லவர் எண்டு மட்டும் எழுதாதை. தண்ணியை மூடினதையும் எழுது” என்றார். அதற்கு எட்டாம் நாள் காலை, என் மகள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய மூச்சு அடங்கியது.

எழுதிவிட்டேன் அண்ணா.

பங்குத்தந்தைக்கும், செபத்துக்கு வந்த அயலவர்க்கும், சமைத்துக் கொண்டுவந்த மன்னார்ச் சகோதரிகளுக்கும், சிஞ்ஞோராவுக்கும், சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்த சல்வோவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை வாசிப்பவர்களின் வீட்டில், எந்த நாட்டிலானாலும், கல் துளைக்கும் பிள்ளை ஒருவர் இருந்தால், நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் துளைக்கச் சொன்னால் மறுக்கச் சொல்லுங்கள்.

இயோனின் மனைவிக்கும் நன்றி சொல்ல வேண்டும். சல்வோ விடாமல் தேடி, சென்ற மாதம் அவரைக் கண்டுபிடித்தார். அவர் முன்பு இத்தாலியில் வேலை செய்தவர், இத்தாலிய மொழி தெரியும். இயோன் அண்ணாவுக்கு முன்பே இறந்துவிட்டார். காசநோய் என்று சொல்லி அடக்கம் செய்திருக்கிறார்கள். நடந்ததை நான் சொன்னேன், தண்ணீரை மூடியது யார் என்பதையும் சொன்னேன். அவர், அண்ணாவுக்குப் பூசை எப்போது என்றுதான் கேட்டார். சொன்னேன். தன் கணவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இன்றைய திருப்பலி இருவருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது.