ஆம்ஸ்டர்டாமில் கைமாறிய வடை டின்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே என் பக்கத்தில் நின்று பாணுக்குள் வெள்ளரிக்காய் அடுக்கியவள்தான் இந்தக் கதையின் மற்றப் பாதி. என் வயதுதான். கல்யாணமாகி, கணவரோடு மனோர் பார்க்கில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணம் என்றாலும் ஊரில் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. தொழிற்சாலைக் குளிரில் நின்றுதான் சிநேகிதிகளானோம்.

எங்கள் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு. பாரிசுக்குப் போனவர்கள் சித்தப்பா வீட்டு சோபாவைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஜெர்மனிக்குப் போனவர்கள் மச்சாள் வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஊர் எப்படி என்று கேட்டால், சாப்பாடு நல்லது என்பார்கள். எனக்கு இது சரிப்பட்டு வராது. யாரையும் தெரியாத ஓர் ஊருக்குப் போய், கால் போன போக்கில் நடக்க வேண்டும் என்று ஆசை. ஆம்ஸ்டர்டாமில் எங்கள் இருவருக்கும் ஒரு சொந்தமும் இல்லை. அதுதான் அந்த ஊரைத் தெரிந்தெடுத்ததற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம், தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடுகிற அந்த ஊரை ஒரு கலண்டர் படத்தில் பார்த்து நான் மயங்கியது.

அகதிகளுக்குத் தருகிற பயணப் பத்திரத்தோடு விசாவுக்கு வரிசையில் நின்றோம். அது கிடைத்த கையோடு நாங்கள் போகிற கோவிலில் செய்தி பரவிவிட்டது. பிறகென்ன, ஆளுக்கொரு புத்திமதி. அந்த ஊர் முழுக்கக் கள்ளர் என்று அங்கே போகாதவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு அக்கா என் சிநேகிதியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், கழுத்தில ஒண்டும் போட்டுக்கொண்டு போகாதையுங்கோ" என்றார். அவள் மிகவும் பயந்த சுபாவம். தலையை ஆட்டிக்கொண்டாள்.

கோச் பஸ்ஸில் ஏற வந்தபோது அவள் தோளில் ஒரு பெரிய துணிப்பை. அதற்குள் ஒரு பிஸ்கட் டின். டின் நிறையப் பருத்தித்துறை வடை, அதுதான் தட்டையாக மொறுமொறுவென்று பொரிக்கிற உறைப்பு வடை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. அந்த ஊரிலும் சனம் சாப்பிடுகிறதுதானே என்று கேட்டேன். "பசிக்கேக்கை தெரியும்" என்றாள்.

பசித்தபோது உண்மையில் தெரிந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. டின்னை என் கையில் தரவே மாட்டாள். தானே திறந்து, இரண்டு வடையை எடுத்துத் தந்துவிட்டு உடனே மூடிவிடுவாள். இவ்வளவு கஞ்சத்தனம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரைப் பற்றி என்ன சொல்ல? ஒடுங்கிய உயரமான வீடுகள், கால்வாயை எட்டிப் பார்ப்பதுபோல முன்னால் சாய்ந்து நின்றன. பாலத்துக்குப் பாலம் சைக்கிள். வீட்டு ஜன்னல்களில் திரைச்சீலையே இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள், பிறர் வீட்டு வரவேற்பறையை இப்படித் திறந்து வைத்தால் பார்க்காமல் போக முடியுமா? ஒவ்வொரு வீட்டுச் சுவர்ப்படத்தையும் விளக்கையும் பார்த்து, இது வடிவு, இது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே நடந்தோம். வரைபடம் என் கையில் இருந்தது. நான் வழி காட்டியதால் அடிக்கடி தொலைந்தோம். தொலைந்த இடமெல்லாம் வடிவாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஒரு கால்வாய் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். சிநேகிதி மலிவு விற்பனையில் வாங்கிய சப்பாத்துப் போட்டிருந்தாள். மலிவு என்பதால் ஒரு சைஸ் பெரிது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சப்பாத்து கழன்று தண்ணீரில் விழுந்து, ஆடி ஆடி மிதந்து போகத் தொடங்கியது. அவள் ஒற்றைக் காலில் கரையோரமாகக் கெந்திக்கொண்டு பின்னால் போக, நான் உதவி செய்யாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போதுதான் அங்கே கட்டியிருந்த ஒரு நீலப் படகுவீட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல உயரம். எங்கள் ஊரில் மாங்காய் பறிக்கிற கொக்கத்தடிபோல ஒரு நீளத் தடியால் சப்பாத்தைக் கொழுவி எடுத்தார். எடுத்ததோடு விடாமல் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

தண்ணீரில் மிதக்கிற வீட்டுக்குள் அன்றுதான் முதன்முதலாகப் போனேன். மேல்தளத்தில் வாளி வாளியாகத் தக்காளிச் செடி. உள்ளே அடுப்பு, புத்தகம், தூங்குகிற பூனை எல்லாம் இருந்தன. சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தார். பாலில்லாத தேநீர் தந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டு டின்னை மூடி அலுமாரியில் வைத்துவிட்டார். அந்த ஊர் வழக்கம் அதுதான் என்று பிறகு அறிந்தேன். அப்போது எனக்கு என் சிநேகிதிக்குச் சரியான சோடி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அவள் கால் கழுவ உள்ளே போனாள். துணிப்பை என்னிடம் இருந்தது. உதவி செய்தவர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு எழும்பலாமா? எங்களை அப்படி வளர்க்கவில்லை. வடை டின்னை எடுத்து அப்படியே அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றை மட்டும் எடுக்கப் பார்த்தார். இல்லை, முழுவதும் உங்களுக்குத்தான் என்று மூடியை அமத்திக் கொடுத்தேன். நல்ல மனம் ஒரு பக்கம், சுமை குறைந்த சந்தோஷம் மறுபக்கம். வெளியே வந்த பிறகும், ஈரச் சப்பாத்தோடு நடக்கிறாள் பாவம் என்று பையை நானே தூக்கிக்கொண்டேன்.

மத்தியானம் கடந்து, எங்கேயோ ஒரு பாலத்தில் நிற்கும்போது அவளுக்குப் பசித்தது. பைக்குள் கையை விட்டாள்.

"டின் எங்கை?"

"அந்த மனுசிக்குக் குடுத்திட்டன். வெறுங்கையோடை வரேலுமே?"

அவள் பாலத்தின் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அதுக்குள்ளைதானடி கொடி."

தாலிக்கொடி. அவளுடைய கல்யாணத்துக்கு அவளின் அம்மா தன் காப்பையும் சங்கிலியையும் உருக்கிச் செய்வித்த கொடி. ஊரைவிட்டு வரும்போது பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்து, சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் நெஞ்சு அடிக்க அடிக்க அவள் கொண்டுவந்த கொடி. கணவருக்கு இரவு ஷிப்ட் என்பதால் பூட்டிய வீட்டில் விட்டுவரப் பயம். கழுத்தில் போட்டுவரவும் பயம். போர்க்காலத்தில் மிளகாய்த்தூள் போத்தலுக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் நகை ஒளித்து வைத்த ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில், துணியில் சுற்றி, டின்னின் அடியில் வைத்து, மேலே கடதாசி விரித்து வடையை அடுக்கியிருக்கிறாள். எந்தக் கள்ளன் வடை டின்னைத் திறப்பான்?

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்ர வாய்க்குப் பயந்துதான்" என்றாள். கோச்சிலேயே நான் அதை யாருக்காவது சொல்லியிருப்பேன்.

தேடத் தொடங்கினோம். காலையில் வடிவாக இருந்த ஊர், இப்போது என்னைப் பழிவாங்கியது. கால்வாய்கள் அரைவட்டமாக ஒன்றைச் சுற்றி ஒன்று போகின்றன. எல்லாப் பாலமும் ஒரே மாதிரி. தெருப் பெயர்களோ வாயில் நுழையாத நீளம், ஒன்றையும் நாங்கள் பார்த்து வைக்கவில்லை. நீலப் படகு ஒன்றைக் கண்டு ஓடினால் அது வேறு யாருடையதோ. மழையும் தூறத் தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் ஒரு கிழவர் வாத்துகளுக்குப் பாண் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுசிக்கு எங்கள் உறைப்புப் பிடிக்காமல், டின்னை அப்படியே வாத்துக்குக் கவிழ்த்திருந்தால்? முருகா, உனக்குத் தேங்காய் உடைக்கிறேன், வாத்தின் வாயிலிருந்து காப்பாற்று என்று நேர்த்தி வைத்தேன். இப்படியொரு நேர்த்தியை அவர் கேட்டிருக்க மாட்டார்.

சிநேகிதி என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஈரச் சப்பாத்து சளக் சளக்கென்று சத்தம் போட, முன்னால் பார்த்தபடி நடந்தாள். ஒரே ஒரு தடவை மட்டும், "அம்மா கேட்டா என்னடி சொல்லுவன்?" என்றாள். அவளுடைய அம்மா அப்போதும் ஊரில், வெறுங்கையோடு இருந்தார்.

கடைசியில் தக்காளி வாளிகள்தான் கண்ணில் பட்டன. அதே நீலப் படகு. மேல்தளத்தில் அந்தப் பெண்மணியைக் காணவில்லை. ஒரு குடையின் கீழே வயதான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, பியர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் எங்கள் டின். திறந்து கிடந்தது. உள்ளே ஒரு துகள்கூட இல்லை.

சிநேகிதி என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்களைக் கண்டதும் அவர் துள்ளி எழுந்து, தான் பக்கத்துப் படகுக்காரர் என்று அறிமுகம் செய்து, கையைக் காலை ஆட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். வடை அவ்வளவு ருசியாம். அவரும் அந்தப் பெண்மணியும் பேசிக்கொண்டே முழுவதையும் முடித்துவிட்டார்களாம். கடைசித் துண்டுக்காகக் கடதாசியைத் தூக்கியபோது துணி முடிச்சு. அதை அவிழ்த்துப் பார்த்த அந்தப் பெண்மணி, குடித்த தேநீரை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் எங்களைத் தேடிப் போய்விட்டாராம். நாங்கள் வந்தாலும் வரலாம், இடத்தைவிட்டு அசையாதே என்று இவரைக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உறைப்புக்குத் தண்ணீர் எடுக்கக்கூட எழும்பாமல் கிடந்த பியரைக் குடித்துக்கொண்டிருந்தார் அந்த நல்ல மனிதர்.

நாங்கள் அந்தப் பெண்மணியைத் தேட, அவர் எங்களைத் தேட, ஒரே வட்டத்தில் சுற்றியிருக்கிறோம். சிநேகிதி திரும்பவும் தேடப் போகிறேன் என்று வெளிக்கிட்டாள். கிழவர் விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க எல்லாரும் சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஒரு ஆளாவது ஓரிடத்தில் இருக்க வேண்டாமா என்றார். இருந்தோம். நடந்து தேடியதைவிட இருந்து காத்திருந்தது கஷ்டமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் வடை எப்படிச் செய்வதென்று கேட்டார். அவளும் மழையைப் பார்த்துக்கொண்டு, உளுந்து, மா, செத்தல் மிளகாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பாலத்திலிருந்து ஒரு சைக்கிள் இறங்கியது. தலைமயிர் முகத்தில் ஒட்ட, மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அந்தப் பெண்மணி வந்தார். எங்களைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் அல்லவா அழ வேண்டும்? பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். கொடி அவருடைய கழுத்தில் கிடந்தது.

பையில் வைத்தால் யாராவது பறிப்பார்கள், சட்டைப்பையில் வைத்தால் சைக்கிள் மிதிக்கும்போது விழுந்துவிடும், அதனால்தான் கழுத்தில் போட்டுக் கோட்டைப் பூட்டினேன் என்றார். எங்கள் வழக்கத்தில் ஒருத்தியின் தாலியை இன்னொருத்தி போடுவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. உடன்பிறந்தவள்கூடப் போட மாட்டாள். என் பயந்த சிநேகிதி என்ன செய்யப் போகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

இது என்ன நகை என்று அவர் கேட்டார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டுவது, உங்கள் மோதிரம் போல என்று அவள் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அப்படியென்றால் இவ்வளவு நேரமும் உன் கணவருக்கு நானும் மனைவியாக இருந்திருக்கிறேன், அவரைக் கேட்டதாகச் சொல் என்றார்.

சிநேகிதி சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்ததும், அவர் கழற்றி நீட்டிய கொடியைக் கையில் வாங்கவில்லை. தலையைக் குனிந்து, "நீங்களே போட்டு விடுங்கோ அம்மா" என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண்மணிக்கு எப்படி விளங்கியதோ, பின்னலை ஒரு பக்கம் ஒதுக்கி, மெதுவாகப் போட்டுவிட்டார்.

மழை விட்டது. பக்கத்துப் படகுக்காரர் தன் சின்ன வள்ளத்தை அவிழ்த்து எங்களை ஏற்றிக்கொண்டார். நாங்கள் தொலைந்த பாலங்களுக்கெல்லாம் கீழே குனிந்து குனிந்து போனோம். ஈரமான செங்கல் வீடுகளில் வெயில் பட்டு, ஊர் முழுக்க இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல இருந்தது. என் சிநேகிதி கொடியைக் கோட்டுக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் நின்றவர்களுக்குக் கை காட்டினாள். கவனம், கள்ளர் வருவார்கள் என்றேன். "வரட்டும்" என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

லண்டனுக்கு வந்ததும் நடந்ததை அவளே கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர், "அந்த மனுசிக்கு இன்னொரு டின் அனுப்பு" என்றாராம். அனுப்பினாள். பல வருஷம் அனுப்பினாள்.

பிறகு நான் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். ஆனால் மழை தூறும்போது எனக்கு அந்தப் பெண்மணிதான் நினைவுக்கு வருவார். அது தாலி என்று அவருக்குத் தெரியாது. எங்கோ ஒருத்தி இதை இழந்துவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் தெரிந்திருக்கிறது, அது போதுமாக இருந்திருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் பஸ்ஸிலோ கடையிலோ யாரோ தவறவிட்ட ஒன்று என் கையில் அகப்பட்டால், அது ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறையாக இருந்தாலும், வீட்டுக்குப் போகும் வழியை மறந்து அதன் சொந்தக்காரரைத் தேடிப் போய்விடுகிறேன்.