எந்தக் காலு, அண்ணே?

அன்று கொர்பு மலையில் நாங்கள் நான்கு பேர்: நான், என் தங்கை, தங்கை வீட்டுக்காரர், வழிகாட்டி. வேறு யாரும் இல்லை.

வழிகாட்டி என்னைவிட இளையவர். ஒல்லி, முழங்காலுக்குக் கீழே முழுக்க அட்டை கடித்த தழும்பு. வெயில் மாதம், மழை மாதம் பார்க்காமல் ஏறுகிறவர். யார் முகத்தையும் பார்க்கமாட்டார். பின்னால் நடந்தபடி எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு வருவார்.

உச்சிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது வானம் இருட்டியது. கீழே ஆறு ஏறிவிடுமோ, வீடு போய்ச் சேருவேனோ என்று பயந்தேன். அதைச் சொல்ல வெட்கம். வலது கால் பிசகிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

“வீட்டு மாடிப்படியாவது ஏறிப் பழகியிருக்கலாம்லா, மச்சான்” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

“பரவால்லண்ணே, மலை எங்கயும் ஓடிடாது” என்றாள் தங்கை. மூன்று மாதம் இதற்காகவே பயிற்சி எடுத்தவள். சொல்லிவிட்டு உச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லாரும் திரும்பி இறங்கினோம், என் பையையும் வழிகாட்டியே சுமந்தார். மற்ற இருவரும் முன்னால் போனதும் என் பக்கத்தில் வந்தார்.

“எந்தக் காலு, அண்ணே? மேல வலதுன்னீங்க. இப்ப இடத நொண்டுறீங்க.”

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

“வலதயே நொண்டுங்கலா. அக்கா பாத்துரப் போறாங்க.”

கீழே வந்ததும் பை தூக்கிய கூலியை நீட்டினேன். “உச்சியத் தொட்டுட்டு வந்து குடுங்க” என்று கையை மடக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வெயில் காலம் போய்விட்டது. தங்கையிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. வழிகாட்டிக்குத் தரவேண்டிய கூலி எண்பது வெள்ளி.